தேஜு திருப்பிக் கேட்ட பாடு

அத்தியாயம் 11

வினோதினிக்கு மூன்று மாதம் என்பது கரைமேட்டுக் குப்பத்தில் மூன்றே பேருக்குத்தான் தெரியும். வினோதினிக்கு, அவள் புருஷன் பிரவீனுக்கு, பிரவீனின் அக்கா கஸ்தூரியம்மாளுக்கு. வாரா வாரம் படிக்கிற உங்களையும் சேர்த்துக்கொண்டால் எண்ணிக்கை கூடும்தான். ஆனால் நீங்கள் குப்பத்துக்குள் வந்து யார் காதிலும் ஓதப் போவதில்லை.

ஐந்து மாதம் முடிகிறவரை மூச்சு விடக் கூடாது என்று கஸ்தூரியம்மாள் எல்லையம்மன் பேரில் சத்தியம் வாங்கியிருந்தாள். காரணம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இப்படித்தான் ஊரெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டார்கள். ஐந்தாம் மாதம் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போன வினோதினி வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

நாளைக்குத் திங்கட்கிழமை. கிராம நர்ஸ் வீட்டுக்கே வந்து பெயர் பதிந்துகொண்டு போகப் போகிறார். நர்ஸின் ஸ்கூட்டி எந்த வாசலில் நிற்கிறது, எதற்கு நிற்கிறது என்று கண்டுபிடிக்கக் குப்பத்துக்கு ஐந்து நிமிஷம் அதிகம். சத்தியமாவது, அம்மனாவது! மகள் தேஜுவின் காதுக்கு யார் வாயிலிருந்தாவது போய்ச் சேர்ந்துவிடும்.

"இன்னிக்கு பொழுது போறதுக்குள்ள நானே அவகிட்ட சொல்லிடுவேன்" என்றாள் வினோதினி, காலையில் எழுந்து முகம்கூடக் கழுவாமல்.

டீ குடித்துக்கொண்டிருந்த பிரவீன், "சொல்லேன். நானா வேணாங்கறேன்?" என்றான். பிறகு யோசித்தான். "வயித்துல பாப்பா கீதுன்னா, எப்படி வந்துச்சுன்னு கேப்பாளே. அப்ப இன்னா சொல்லுவ?"

"உள்ளத சொல்லுவேன்."

பிரவீனுக்குப் புரை ஏறியது. தலையில் தானே தட்டிக்கொண்டான்.

"உள்ளதுன்னா... எவ்ளோ உள்ளது?"

"ஏழு வயசுக்கு எவ்ளோ வேணுமோ அவ்ளோ."

"அவளுக்கு எவ்ளோ குடுத்தாலும் பத்தாதே வினோ! நண்டு ஏன் பக்கவாட்டுல நடக்குதுன்னு ஆரம்பிச்சு என்னை ரெண்டு நாள் தூங்க விடல அவ."

அது உண்மை. தேஜஸ்ரீ என்கிற தேஜுவுக்கு வருகிற தையில் ஏழு முடிகிறது. அவள் கேட்காத கேள்வி கிடையாது. கஸ்தூரி அத்தைக்கு ஏன் மீசை, ஏரித் தண்ணி ஒரு மாசம் உப்பாகவும் ஒரு மாசம் சப்பென்றும் இருப்பது ஏன், ஊர்த் தலைவர் தாத்தா பல்லைக் கழற்றி வைத்தால் பல் யாருடையது. எல்லாம் கேட்டாயிற்று. ஒன்றே ஒன்றைத்தான் கேட்கவில்லை. அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து பத்து நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தபோது, வருவதாகச் சொன்ன தம்பி எங்கே என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குழந்தை மறந்துவிட்டது, நல்லதாய்ப் போயிற்று என்று எல்லோரும் சொன்னார்கள். வினோதினிக்கு மட்டும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. கேள்வி கேட்கிற குழந்தை கேட்காமல் இருந்தால் அதற்கு ஏதோ அர்த்தம் உண்டு. அதனால்தான் இந்த முறை தன் வாயால் சொல்லிவிட வேண்டும் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள்.

சொல்லிவைத்த மாதிரி, இந்த வாரம் தேஜு ஊரைக் கூட்ட ஆரம்பித்திருந்தாள்.

"பாப்பா எங்கேருந்து வருது?"

முதலில் மாட்டியவள் கஸ்தூரியம்மாள். "பொன்னேரி ஆஸ்பத்திரியில டோக்கன் குடுப்பாங்கடி. நம்ம நம்பர் கூப்பிட்டா போயி வாங்கிக்கணும்."

"டோக்கன் தொலைஞ்சு போச்சுன்னா, அத்தே?"

"தொலைக்கக் கூடாது."

"கெவுர்மெண்டு ஆஸ்பத்திரி வேணாம்னா பிரைவேட்ல டோக்கன் இல்லாம தருவாங்களா?"

கஸ்தூரியம்மாளுக்கு அடுப்பில் குழம்பு தீய்கிற ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்கு அவள் குழம்பே வைக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் டீச்சர், பெரிய கிளாசுக்குப் போனால் பாடத்திலேயே வரும் என்றார். எந்தப் பக்கத்தில் வரும் என்று தேஜு கேட்டாள். பழவேற்காடு கடைத்தெருவில் வினோதினிக்குத் தையல் வேலை கொடுக்கிற மஸூதா, "அல்லா குடுக்கறதும்மா" என்று சொல்லி ஒரு மிட்டாயும் கொடுத்தாள். கையிலா கொடுப்பார், பையிலா என்று தேஜு விசாரித்தாள். மஸூதா இன்னொரு மிட்டாய் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

அடுத்த வீட்டுத் தனக்கோடியையும் விடவில்லை. தனக்கோடிக்கு ஒன்றரை வயசில் ஒரு பையன். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போய், கைக்குழந்தையோடு திரும்பி வந்தவள். "எங்க அம்மா வீட்டுலதான், சுண்ணாம்புக்குளத்துல" என்று அவள் வெள்ளந்தியாகச் சொன்னாள். அதைக் கேட்ட தேஜு மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பையனின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். வினோதினி இதையும் கவனித்தாள். என்னவென்றுதான் விளங்கவில்லை.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, குப்பத்தில் பாடு போடுகிற நாள். தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏரியில் இறால் நன்றாக ஓடுகிற இடம் கொஞ்சம்தான். நாற்பத்திரண்டு வீடும் ஒரே நாளில் அங்கே வலை கட்டினால் அடிதடியில்தான் முடியும். அதனால் சீட்டுக் குலுக்கி, எந்த வீட்டுக்கு எந்த நாள் என்று முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. உன் நாளில் நீ போகாவிட்டால், அந்தப் பாடு அடுத்த வீட்டுக்குப் போய்விடும். இந்த ஊர்க் குழந்தைகள் அ, ஆ கற்றுக்கொள்வதற்கு முன்னாலேயே இதைக் கற்றுக்கொண்டுவிடும்.

சீட்டை எடுப்பது ஏழு வயசுக்கு உட்பட்ட ஒரு குழந்தை. சூதுவாது தெரியாத கை என்று ஒரு நம்பிக்கை. இதுவரை பையன்கள்தான் எடுத்தார்கள். வியாழக்கிழமை தேஜு தானாகவே தலைவர் சுப்பராயலு வீட்டுக்குப் போய், "இந்த வருசம் நான் எடுக்கறேன் தாத்தா, எனக்கு கை கீது இல்ல?" என்று இரண்டு கையையும் நீட்டிக் காட்டியிருக்கிறாள். அவர் சிரித்துவிட்டுச் சரி என்றுவிட்டார். பிரவீனுக்குப் பெருமை தாங்கவில்லை.

வினோதினி தலை பின்னும்போது முதல் முயற்சி செய்தாள்.

"தேஜு, எல்லார்கிட்டயும் கேட்டியே, பாப்பா எங்கேருந்து வருதுன்னு. அம்மாகிட்ட மட்டும் ஏன் கேக்கல?"

"உன்கிட்ட கேட்டா நீ அழுவ."

வினோதினி சீப்பைக் கீழே வைத்தாள். "நான் அழ மாட்டேன். இங்க பாரு, பாப்பாங்கறது..."

"எங்கடி கண்ணு ராசாத்தி!" என்று வாசலில் கஸ்தூரியம்மாளின் குரல். கையில் இரண்டு முழம் கதம்பம். உள்ளே வந்தவள் வினோதினியின் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டு, பூவை வைக்கிற சாக்கில் குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அம்மன் பேர்ல சத்தியம் பண்ணிகிறமே, ஞாபகம் கீதா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தாள்.

"ஊருக்கு சொல்ல மாட்டேன்னுதான் அண்ணி சத்தியம் பண்ணேன். இவ ஊரா?"

"இவகிட்ட சொன்னா ஊருக்கு சொன்ன மாதிரிதாமே!"

கோயிலுக்குப் போகிற வழியில் வினோதினி மறுபடியும் குழந்தையைத் தனியாகப் பிடித்தாள். "ஒரு நிமிசம் நில்லுடி, அம்மா ஒண்ணு சொல்லணும்."

"அப்புறம் சொல்லுமா. எனக்கு இப்ப முக்கியமான வேலை கீது" என்று சொல்லிவிட்டுப் பெரிய மனுஷி மாதிரி அவள் முன்னால் நடந்தாள்.

எல்லையம்மன் கோயில் எதிரே ஆண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிற பையன்கள்கூட அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்கள். பாடு போடுகிற இடத்துக்குப் பெண்கள் வருவதில்லை. பூவரசு மரத்தடியில் தள்ளி நின்று பார்ப்பார்கள். தனக்கோடி இடுப்பில் பையனோடு நின்றிருந்தாள். வினோதினி அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

பித்தளைக் குடத்துக்குள் நாற்பத்திரண்டு சீட்டு. சுப்பராயலு கற்பூரம் ஏற்றி, குடத்தை மூன்று தரம் குலுக்கினார். தேஜு கையை விட்டு ஒரு சீட்டை எடுத்தாள். எடுத்தவள் கொடுக்கவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"குடும்மா" என்றார் சுப்பராயலு.

"குடுக்க மாட்டேன்."

சிரிப்பு எழுந்தது. பிரவீன் அசடு வழிந்தான். "தேஜு, தாத்தாகிட்ட குடும்மா. விளையாடற நேரமா இது?"

"முட்டாய் வேணுமா?" என்று சுப்பராயலு பேரம் பேசினார்.

"முட்டாய் வேணாம். எங்க பாடு வேணும்."

"உங்க நைனா பேரும் குடத்துலதாம்மா கீது. வரும், இரு."

"இறால் பாடு இல்ல தாத்தா. பாப்பா பாடு."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சுப்பராயலு பல்செட்டைச் சரிசெய்துகொண்டு, "அது இன்னா பாடும்மா, தலைவர் எனக்கே தெரியாம?" என்றார்.

"உனக்கு தெரியும். நீதான சீட்டு போடற?" தேஜுவின் குரல் கணீரென்று இருந்தது. பல நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்த குரல். "எங்க வீட்டுக்கு தம்பி பாடு விழுந்துச்சு. நைனாதான் சொன்னிச்சு. அவன் வந்தா அம்மா பக்கத்துல படுத்துக்குவான், எனக்கு வேணாம், பக்கத்து வீட்டுக்கு குடுத்துடுன்னு நான் சொல்லிட்டேன். நைனாவும், சரி, தனக்கோடிக்கு குடுத்துடலாம்னு சொல்லிடுச்சு. அப்புறம் அம்மா ஆஸ்பத்திரிக்கு போயி சும்மா வந்துச்சு. தனக்கோடி அக்கா அவங்க ஊருக்கு போயி தம்பியோட வந்தாங்க."

சிரித்தவர்கள் தனக்கோடி பக்கம் திரும்பினார்கள்.

"அம்மா அழுதுகினே கீது தாத்தா. நான் தெரியாம சொல்லிட்டேன். அப்ப நான் சின்னப் புள்ள. விட்ட பாட்ட திருப்பிக் கேக்கக் கூடாதுன்னு எனக்கும் தெரியும். ஒரே ஒரு தடவ மட்டும் திருப்பிக் குடுக்க சொல்லு. அப்பதான் சீட்டு தருவேன்."

பிரவீன் தலையில் கை வைத்துக்கொண்டான். அப்போது ஒரு நாள் வலை பின்னிக்கொண்டே, மகளைச் சிரிக்கவைக்க அவன் சொன்னது அது. பாப்பா எப்படி வரும் என்று கேட்டாள். பாடு விழுந்தால் வரும் என்றான். சொன்னதே அவனுக்கு மறந்துபோயிருந்தது. அதை வைத்துக்கொண்டு ஒரு குழந்தை இரண்டு வருஷமாகத் தன்னையே குற்றவாளியாக்கிக்கொண்டு வளைய வந்திருக்கிறாள்!

தனக்கோடி பையனை இறுக்கிப் பிடித்தாள். இறுக்கிய வேகத்தில் அவன் வீல் என்று கத்தினான்.

பத்து நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேனே, பாவி, அப்போது இவளை ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் என்ன என்று வினோதினி தன்னையே திட்டிக்கொண்டாள். அடுத்த நொடி அவள் கால்கள் மரத்தடியை விட்டுக் கிளம்பிவிட்டன.

"எங்கமே போற? ஆம்பளைங்க கூட்டம்!" என்று கஸ்தூரியம்மாள் முந்தானையைப் பிடித்தாள்.

"விடுங்க அண்ணி."

ஆண்கள் தானாகவே வழிவிட்டார்கள். நேரே போய்க் குடத்துக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள். மகளின் முகமும் அவள் முகமும் ஒரே உயரத்தில் இருந்தன.

"தேஜு, பாப்பா பாடு விழுந்து வராது. சீட்டுல வராது. நைனா விளையாட்டுக்கு சொன்னது அது."

"பொய்யா?"

"பொய்தான். டோக்கனும் பொய். பாப்பா அம்மா வயித்துக்குள்ள வளரும். தம்பி என் வயித்துல இருந்தான். வளந்துகினே இருந்தவன் பாதியில நின்னுட்டான். சில பாப்பா அப்படி நின்னுடும். நீ வேணாம்னு சொன்னதால இல்ல. நீ வேணும்னு சொல்லியிருந்தாலும் நின்னுதான் இருப்பான். டாக்டரே எனக்கு சொன்னாங்க."

"தனக்கோடி அக்கா பாப்பா?"

"அது அவங்க வயித்துலயே வளந்தது. உன் தம்பி வேற, அவன் வேற. யாரும் யாருக்கும் குடுக்கல."

தேஜு தனக்கோடியின் வயிற்றைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் வயிற்றைப் பார்த்தாள். பிரவீன் காலையில் பயந்தது இப்போது வந்தது.

"வயித்துக்குள்ள எப்படி போச்சு?"

நாற்பத்திரண்டு வீட்டு ஆண்களுக்கும் ஒரே சமயத்தில் வேறு வேலை வந்துவிட்டது. ஒருவர் ஏரியைப் பார்த்தார். ஒருவர் அணைத்து வைத்திருந்த செல்போனை எடுத்துக் காதில் வைத்தார். பின்வரிசையில் ராஜேந்திரன் செருப்பைத் தேடினார். செருப்பு காலிலேயே இருந்தது.

வினோதினி அசரவில்லை. "அம்மாகிட்ட ஒரு முட்டை இருக்கும். இறால் முட்டை பாத்திருக்க இல்ல, அந்த மாதிரி துளியூண்டு. நைனாகிட்ட ஒரு விதை இருக்கும், அதுவும் துளியூண்டு. ரெண்டும் அம்மா வயித்துக்குள்ள சேந்தா பாப்பா வளர ஆரம்பிக்கும்."

தேஜு பிரவீனை ஏற இறங்கப் பார்த்தாள். "உன்கிட்டயா நைனா?"

பிரவீன் மணலைக் கிளறிக்கொண்டே தலையாட்டினான்.

"எல்லா நைனாகிட்டயும் கீதா? தலைவர் தாத்தாகிட்டயும்?"

சுப்பராயலுவுக்கு இருமல் வந்து கண்ணில் நீர் தளும்பியது. "ஏம்மா வினோதினி," என்றார், "பாடு போடறத வேணும்னா நாளைக்கு வெச்சுக்கலாமா?"

யாரோ பக்கென்று சிரிக்க, கூட்டம் முழுக்கச் சிரிப்பு பரவியது. மரத்தடியில் பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு குலுங்கினார்கள். தேஜு மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு இன்னும் ஒன்று பாக்கி இருந்தது.

"இப்ப உன் வயித்துல கீதாமா?"

வினோதினி நிமிர்ந்து பார்த்தாள். கஸ்தூரியம்மாள் வேண்டாம் வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சிக்கொண்டிருந்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வீட்டுக்குப் போய் மெதுவாக மாற்றிச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் பொய்யில் இரண்டு வருஷம் வெந்த குழந்தை எதிரே நிற்கிறது. இன்றைக்கு இன்னொரு பொய் சொன்னால் இனிமேல் எதைச் சொன்னாலும் நம்ப மாட்டாள்.

"கீது" என்றாள் வினோதினி, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி. "மூணு மாசம்."

மரத்தடியில் கசமுசவென்று பேச்சு எழுந்து உடனே அடங்கியது. பிரவீன் எழுந்து வந்து பெண்டாட்டி பக்கத்தில் நின்றுகொண்டான். என்ன செய்வதென்று தெரியாமல் அவள் தோளில் கையை வைத்தான். அத்தனை பேர் எதிரில் அவன் அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை.

"இதுவும் நின்னுட்டா?" என்றாள் தேஜு.

"நின்னா நான் அழுவேன். நைனா அழும். நீயும் அழலாம். ஆனா அது யார் மேலயும் தப்பு இல்ல. உன் மேல இல்லவே இல்ல."

"நான் வேணும்னு சொல்லணுமா?"

"அவசியம் இல்ல. உனக்கு தோணிச்சுன்னா சொல்லு."

"யோசிச்சு சொல்றேன்" என்றாள் தேஜு. முதுகுக்குப் பின்னாலிருந்து கையை எடுத்து, வியர்வையில் நைந்துபோன சீட்டைச் சுப்பராயலுவிடம் நீட்டினாள். ராஜேந்திரன் வீட்டுக்கு முதல் பாடு. மற்ற நாற்பத்தொரு சீட்டையும் அவளே எடுத்தாள். ஒன்றைக்கூட முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கஸ்தூரியம்மாள் பிடித்துக்கொண்டாள்.

"அம்மன் எதிர்லயே சத்தியத்த ஒடச்சிட்டியேமே! இந்த ஊரு கண்ணு எப்பேர்ப்பட்டதுன்னு தெரியாதா உனக்கு? போன தடவ பட்டது பத்தாதா?"

"போன தடவ கண்ணு பட்டு போவல அண்ணி."

"உனக்கு தெரியுமா?"

"யாரோ பாத்ததால போச்சுன்னா, யாரோ சொன்னதாலயும் போவலாம் இல்ல? அப்ப தேஜு நெனச்சதும் சரின்னு ஆவும். அத ஒத்துக்கறீங்களா?"

தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற தேஜு அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தையின் தலையில் காலையில் தான் வைத்த பூ வாடித் தொங்குவதைக் கஸ்தூரியம்மாள் பார்த்தாள். தேஜுவை வாரி மடியில் போட்டுக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். "டோக்கன்னு சொன்னேனே, இந்தப் பாழாப்போன வாயால" என்று தன் வாயிலேயே போட்டுக்கொண்டாள்.

"நீ அழாத அத்தே. நான் டோக்கன நம்பவே இல்ல" என்று தேஜு ஆறுதல் சொன்னாள்.

வினோதினி வாசலுக்கு வந்தாள். அடுத்த வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. பகலில் தனக்கோடி கதவு சாத்தி அவள் பார்த்ததே இல்லை. உள்ளே பையன் சிணுங்குவதும், தனக்கோடியின் மாமியார் யாரிடமோ போனில் "அந்தப் பொண்ணு நம்ம புள்ள மேலயே கண்ணா கீதே" என்று சொல்வதும் கேட்டன. இதைப் பேசித் தீர்க்காமல் விடக் கூடாது. ஆனால் இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு அந்தக் கதவைத் தட்டிவிடலாம் என்று முடிவு செய்துகொண்டாள்.

பிரவீன் வீட்டுக்குள் வரவேயில்லை. கோயிலிலிருந்து நேரே கரைக்குப் போய்ப் படகு விளிம்பில் உட்கார்ந்திருந்தான். வெயில் தாழ்ந்த பிறகு, தட்டில் சோறு போட்டு எடுத்துக்கொண்டு வினோதினி போனாள். தேஜுவும் கூடவே வந்தாள்.

"நைனா, நீ ஏன் பொய் சொன்ன?"

"எனக்கு சொல்லத் தெரியலடா" என்றான் பிரவீன். "தெரியலன்னு சொல்லவும் வெக்கமா இருந்துச்சு. மன்னிச்சுடு."

"சரி" என்றாள் தேஜு, பெருந்தன்மையாக. படகில் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்து காலை ஆட்டினாள். பிறகு அம்மாவைப் பார்த்து, "தனக்கோடி அக்காகிட்ட கீறது நம்ம தம்பி இல்லன்னா, நம்ம தம்பி எங்க கீறான்?" என்று கேட்டாள்.

வினோதினி பதில் சொல்ல வாயெடுத்தாள்.

காலையிலிருந்து உள்ளதைச் சொல்வேன், உள்ளதைச் சொல்வேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தவளுக்கு, இது மட்டும் தெரியாது. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவள் அரை மயக்கத்தில் கிடந்தாள். ஆயா ஒரு துணிப் பொட்டலத்தைப் பிரவீன் கையில் கொடுத்தது மட்டும் ஞாபகம். அவன் போனான். சாயங்காலம் தலை முழுகி ஈரத்தோடு திரும்பி வந்தான். எங்கே என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. கேட்டால் அவன் உடைந்துவிடுவான் என்று அவளும், சொன்னால் அவள் தாங்க மாட்டாள் என்று அவனும் இரண்டு வருஷத்தை ஓட்டிவிட்டார்கள்.

தேஜு அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாவுக்கு தெரியாது" என்றாள் வினோதினி. தட்டை மணலில் வைத்துவிட்டுப் புருஷனின் முகத்தை நேராகப் பார்த்தாள். "யோவ், கொழந்த கேக்கறா. நானும் கேக்கறேன். என் புள்ளைய எங்க வெச்ச?"

பிரவீன் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான். அவன் தோள் குலுங்கி அடங்கும்வரை இருவரும் காத்திருந்தார்கள். பிறகு அவன் படகை விட்டு இறங்கிக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தான்.

"மாசா மாசம் அமாவாசைக்கு வலைக்குப் போறேன்னு சொல்லிட்டு அவன வெச்ச எடத்துக்குத்தான் போறேன் வினோ. நான் மட்டும்" என்றான். "ஏறு, போலாம்."